பண்டமாரான் வீட்டு போன் நம்பர்

சனிக்கிழமை மதியம் என்றாலே எனக்கு அலுப்பு. வாரம் முழுக்கக் கோலாலம்பூர் ஆபீசில் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்து எரிகிற கண்ணோடு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் இருந்த திருமணத் தகவல் நிலையத்துக்குப் படியேறுவேன். அதை நடத்தியவர் சர்க்கார் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். அந்த அங்கிளுக்கு நான்தான் ப்ரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன்; சனிக்கிழமைகளில் அதை இயக்குவதும் என் தலையில் விழுந்தது. பேசாமல் இருந்திருக்கலாம். முடியாது என்று சொல்ல அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

பெரிய டேட்டாபேஸ் எல்லாம் இல்லை. சி மொழியில் எழுதிய ப்ரோகிராம், வரன்களின் விவரங்களுக்கு ஒரு சின்னக் கோப்பு. ஒரு சாவியைக் கொடுத்தால் அதற்குரிய விவரத்தை எடுத்துத் தரும், அவ்வளவுதான். அடையாள அட்டை எண்ணைச் சாவியாக வைக்கலாம் என்றேன். அங்கிள் கேட்கவில்லை.

"ஐசி நம்பர் யாருக்கு லா ஞாபகம் இருக்கும்? கூப்பிடறவங்க போன் நம்பர்தான் சொல்லுவாங்க. அத அடிச்சா ஆளு வரணும்."

தொலையட்டும் என்று போன் நம்பரையே சாவியாக்கினேன். அதே சாவிக்கு மறுபடி விவரம் வந்தால், பழையதை அழித்துப் புதியதை எழுதும்படி வைத்தேன். வேலை மாறிவிட்டது, உயரம் தப்பு என்று திருத்த வருகிறவர்கள் அதிகம். ஒவ்வொரு தடவையும் மாற்றலாமா என்று அது கேட்க, நான் பதில் சொல்ல, அதற்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை.

கிள்ளான் பக்கம் பண்டமாரானிலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வருவார். அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவளைப் பதிந்த அடுத்த வாரமே, "இவளையும் சும்மா போட்டு வைங்க" என்று இளையவளையும் பதிந்தார். அதற்குப் பிறகு மாதாமாதம் என் மேசை முன்னால் வந்து நிற்பார்.

"பெரியவளுக்கு ஏதாச்சும் வந்துச்சா தம்பி?"

ஜாதகம் பொருந்துகிறவர்களின் பட்டியலை ப்ரோகிராமே அச்சடித்துத் தரும். அதில் மூத்தவளின் பெயர் ஒருமுறைகூட வந்ததில்லை. "இன்னும் இல்ல ஆன்டி" என்பேன், தலையைக்கூடத் தூக்காமல். இளையவளுக்கு நான்கைந்து இடம் வந்தது. அக்காள் இருக்கும்போது எப்படி என்று எல்லாவற்றையும் தள்ளிப் போட்டார்கள். பெரியவளுக்காக அந்த அம்மா செவ்வாய்க்கிழமை விரதம் பிடித்தார், கோயில் கோயிலாக ஏறி இறங்கினார். ஒரு வருடம் இப்படியே ஓடியது.

ஒரு சனிக்கிழமை மூத்தவளே தனியாக வந்தாள். துறைமுகத்துப் பக்கம் ஏதோ கிடங்கில் அவளுக்கு வேலை. யூனிபார்மைக்கூட மாற்றவில்லை.

"அண்ணே, என் பேர எடுத்துருங்க. தங்கச்சிக்காவது முடியட்டும். என்னை யாருக்கும் பிடிக்கல, அதுக்கு நான் என்ன செய்யறது?"

நம்பரைக் கேட்டு அடித்தேன். தங்கையின் விவரம் வந்தது. மறுபடி அடித்தேன். தங்கைதான். ஒரே வீடு, ஒரே போன். அட முட்டாளே! எடுப்பதற்கு அவள் பெயரே அங்கே இல்லை. தங்கையைப் பதிந்த அன்றே அக்காள் அழிந்துவிட்டாள். அவள் கைப்பட எழுதிய விண்ணப்பப் பாரம் மட்டும் அலமாரியில் பத்திரமாக இருந்தது.

அங்கிள் உள்ளே போனில் இருந்தார். 'சரி, எடுத்துட்டேன்' என்று சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள், யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்ல வாயும் எடுத்தேன். பிறகு உள்ளதைச் சொன்னேன். தப்பு என்னுடையது, ஒரு வருடமாக உன் பெயர் எந்த வீட்டுக்கும் போகவே இல்லை என்றேன்.

கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் தேவலை.

"அப்போ, யாரும் என்னை வேணாம்னு சொல்லலையா?"

"ஒருத்தரும் சொல்லலம்மா. ஒருத்தரும் பார்க்கவே இல்ல."

நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இத எங்கம்மாகிட்ட நீங்களே வந்து சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

முதலில் அந்தப் பாரத்தை எடுத்து, அடையாள அட்டை எண்ணையே சாவியாகப் போட்டு அவளைப் பதிந்தேன். பிறகு இருவரும் கிள்ளான் பஸ் ஏறினோம். தப்பை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த அம்மா பட்டினி கிடந்த செவ்வாய்க்கிழமைகளுக்கு மட்டும் என்ன சொல்வதென்று, பண்டமாரானில் இறங்கும்வரை எனக்குத் தெரியவில்லை.