தாயைப் பார்க்காமல் வாங்கிய நாய்

அன்று எங்கள் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள். நான். என் மனைவி. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த மகள். அவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை. நாய் விற்க வந்த ஆள். அவன் மடியில் நாய்.

பக் என்கிற ஜாதி. பெட்டை. எட்டு மாதம் என்றான். கறுத்த முகம், சப்பை மூக்கு, நெற்றியில் மடிப்பு, துருத்திய கண். வயதான மனிதர் ஒருவரைக் குட்டையாகச் செய்து வைத்தது போல இருந்தது. மகள் குடியிருக்கும் ஃபிளாட்டில் நாய் வளர்க்க விடமாட்டார்கள். அதனால் வாங்குவது அவர்கள், வளர்ப்பது நாங்கள் என்று ஏற்பாடு.

என்னைப் பக்கத்தில் உட்கார வைத்ததற்குக் காரணம் உண்டு. நான் மாடு பார்ப்பவன். படிப்பு ஐந்தாவதுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் யார் மாடு வாங்கினாலும் முதலில் என்னைக் கூட்டிப் போவார்கள். நான் சரி என்றால்தான் பணம் கைமாறும். விற்பவன் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. சந்தையில் எல்லா வேலையும் நடக்கும். உப்புத் தண்ணீர் காட்டி வயிற்றை நிரப்புவான். கொம்பைச் சீவி வயதைக் குறைப்பான். முதல் நாள் கறக்காமல் விட்டு மடியை வீங்க வைப்பான். நொண்டி மாட்டை மணலில் நிறுத்திக் காட்டுவான். எல்லாம் பார்த்தவன் நான்.

இவன் வந்து அரை மணி நேரமாகியும் நாயைக் கீழே விடவில்லை.

"இறக்கி விடுங்க தம்பி. மோட்டார் கொட்டகை வரைக்கும் நடந்து வரட்டும்."

"ஐயா, இது நடக்கிற நாய் இல்லீங்க. மடியிலயே வளர்ற நாய்."

"கால் நாலும் இருக்குல்ல?"

மாப்பிள்ளை சிரித்தார். "மாமா, இது ஏர் மாடு இல்ல."

இறக்கி விட்டான். நடந்தது. பாதி வழியில் வயிறு தரையில் படப் படுத்துவிட்டது. நாக்கு வெளியே வந்துவிட்டது. மார்கழி மாதம், காலை நேரம். வெயில் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தொண்டையிலிருந்து கர் கர் என்று சத்தம் வந்தது. அடைத்த குழாயில் தண்ணீர் ஏறுகிற சத்தம்.

"சளியா?"

"குறட்டைங்க. எல்லா பக்குமே இப்படித்தான். கேக்கக் கேக்க உங்களுக்கே பிடிச்சுப் போயிடும்."

"முழிச்சிருக்கும்போதே குறட்டையா?"

"அதாங்க இதுல விசேஷம்."

எனக்குப் பிடிக்கவில்லை. இதன் தாய் எங்கே என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினான். தலையணை மேல் சிவப்பு ரிப்பன் கட்டிய நாய் ஒன்று உட்கார்ந்திருந்தது. தாயைப் பார்க்காமல் கன்று வாங்காதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். படத்தில் பார்த்ததை நான் பார்த்த கணக்கில் வைத்துவிட்டேன்.

அப்படி வைத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. அவன் ஒரு ஒப்பந்தம் சொன்னான். நாய் பருவத்துக்கு வந்ததும் ஆண் நாயை அவனே கொண்டுவந்து சேர்ப்பான். பிறக்கிற குட்டியில் ஒன்று அவனுக்கு, மற்றது எங்களுக்கு. எங்கள் ஊரில் மாட்டை வாரத்துக்கு விடுகிற வழக்கம் உண்டு. மாடு ஒருவருடையது, வளர்ப்பது இன்னொருவர், ஈனுகிற கன்றில் இருவருக்கும் பங்கு. அப்படி விடுகிறவன் நோஞ்சான் மாட்டை விடமாட்டான். அவன் பங்கும் அதற்குள்தானே இருக்கிறது. இவனும் பங்கு கேட்கிறான், அப்படியானால் நாய் சொத்தை இல்லை என்று நினைத்தேன்.

விலை பேசத் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையை மூடினேன். சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். அவன் என் கையைப் பார்த்தான். பிறகு மாப்பிள்ளையிடம் போனை நீட்டினான். ஸ்கேன் பண்ணி முடித்துவிட்டார்கள்.

நாய்க்கு மகள் ஒரு பெயர் வைத்தாள். என் வாயில் அது வரவில்லை. ஏய் என்பேன். வரும்.

வந்த நாளிலிருந்து நான் அதைக் கவனித்தேன். படுத்துத் தூங்கவே இல்லை. உட்கார்ந்தபடியே கண் சொருகும். தலை தொங்கும். விழப் போகும் நேரத்தில் திடுக்கென்று நிமிரும். மறுபடி சொருகும். அசந்து போனால் நெல் மூட்டையின் விளிம்பில் தாடையைத் தூக்கி வைத்துக்கொண்டு படுக்கும்.

"மருந்து குடுத்து வித்திருக்கான். போதை தெளியல," என்றேன் மனைவியிடம்.

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே என் பல்லை எண்ணுன ஆளுதானே நீங்க," என்றாள். "அது பாட்டுக்குத் தூங்குது. விடுங்க."

அவளுக்கு அது பிடித்துப் போயிருந்தது. சமையல்கட்டில் அவள் காலடியிலேயே கிடக்கும். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். கைப்பிள்ளையை வாங்குவது போல வாங்கிக் கொஞ்சுவார்கள். யார் எடுத்தாலும் போகும். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது.

சம்பா கதிர் முற்றுகிற நேரம் கொசு அதிகம். சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் உமியும் வேப்பிலையும் போட்டு மூட்டம் போடுவோம். மாடு அந்தப் புகையில் நின்றுதான் அசை போடும். எங்களுக்கும் அது பழகிய புகை. ஒரு நாள் அப்படி மூட்டம் போட்டிருக்கும்போது மனைவி பால் கறக்கப் போனாள். நாய் பின்னாலேயே போயிருக்கிறது. நான் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தேன். மாடு ஒருமுறை மிரண்டு காலை மாற்றி வைத்தது. திரும்பிப் பார்த்தால் நாய் சாய்ந்து கிடந்தது. நாக்கு நாவல் பழம் தின்றது போல நீலம். கண் இன்னும் வெளியே வந்துவிட்டது.

வெளியே தூக்கிப் போட்டேன். தண்ணீர் தெளித்தேன். மனைவி முறத்தால் விசிறினாள். மூச்சு வந்தது, ஆனால் இழுத்து இழுத்து வந்தது. ஈரத் துண்டில் சுற்றி அவள் மடியில் வைத்து, வண்டியில் ஏற்றித் திருத்துறைப்பூண்டியில் ஒரு கால்நடை டாக்டரிடம் கொண்டு போனேன். சின்ன வயதுப் பெண். எதுவும் கேட்காமல் முதலில் ஆக்ஸிஜன் வைத்தார். நாக்கின் நிறம் திரும்பிய பிறகுதான் பேசினார்.

டார்ச் அடித்து மூக்கைக் காட்டினார். மூக்கில் ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் கீறல் மாதிரி ஒரு கோடு. ஒரு நெல் நுழையாது.

"என்ன வியாதிம்மா?"

"வியாதி இல்லீங்கய்யா. இந்த ஜாதியே இப்படித்தான். மூஞ்சி சப்பையா இருந்தா அழகுன்னு அந்த மாதிரி நாயாப் பாத்துப் பாத்து சேத்து விட்டாங்க. எலும்பு குட்டையாச்சு. உள்ள இருக்கிற சதை குறையல. அது தொண்டையை அடைச்சுக்கிட்டு நிக்குது."

"உக்காந்துக்கிட்டே தூங்குது."

"படுத்தா மூச்சு அடைக்கும். அதான்."

மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். குட்டி போடுமா என்று நான் கேட்டேன்.

"போடலாம். ஆனா இதுங்க குட்டிக்குத் தலை பெருசு, தாய்க்கு இடுப்பு சின்னது. பெரும்பாலும் வயித்தைக் கிழிச்சுத்தான் எடுக்கணும். இது மூச்சு இருக்கிற நிலைமைக்குச் சினை வேண்டாம். தாங்காது, செத்துடும்."

கருப்பையை எடுத்துவிட வேண்டும், அதே மயக்கத்தில் மூக்கு ஓட்டையையும் கொஞ்சம் அகலப்படுத்திவிடலாம், தஞ்சாவூரில் செய்வார்கள் என்றார். மயக்கம் கொடுப்பதும் இந்த நாய்க்கு ஆபத்துதான் என்றும் சொன்னார்.

அவரையும் நான் நம்பவில்லை. கத்தி பிடிக்கிறவர் கிழிக்கத்தான் சொல்வார். மாடு கன்று போட முடியாமல் முக்கினால் கையை விட்டுத் திருப்பி எடுத்தவன் நான். கிழித்ததில்லை. ஜாதியே இப்படி என்று ஒரு ஜீவன் இருக்குமா? விற்றவன் கழிசலைத் தள்ளிவிட்டிருக்கிறான், அவ்வளவுதான் என்று மனது சொல்லிக்கொண்டே இருந்தது. தாயைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும்.

வீட்டில் சொல்லாமல் பஸ் ஏறினேன். அவன் கொடுத்த அட்டையில் விலாசம் இருந்தது. தஞ்சாவூருக்கு வெளியே புது மனையில் வீடு. போன் செய்யாமல் போனேன். கூண்டும் மூத்திர நாற்றமுமாக ஒரு கொட்டகை இருக்கும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று போனேன்.

"வாங்கய்யா, வாங்க. இப்படி உக்காருங்க. டீ போடச் சொல்றேன்," என்றான்.

டைல்ஸ் போட்ட அறை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவன் மனைவி தட்டில் தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். ஒரு வாடையும் இல்லை. சுவரோரம் நாய்கள். ஒன்று சோபா விளிம்பில் தாடையை வைத்திருந்தது. ஒன்று வாசற்படியில். இன்னொன்று உட்கார்ந்தபடியே தலை தொங்கி, திடுக்கென்று நிமிர்ந்தது. எல்லாவற்றிலும் அதே சத்தம்.

"தாய் எது?"

சோபா ஓரத்தில் இருந்ததைத் தூக்கி வந்தான். ரிப்பன் இல்லை. அவனே அதை மல்லாத்திக் காட்டினான். வயிற்றில் மேலிருந்து கீழாகத் தையல் தடம். சாக்கைத் தைத்துப் பிரித்து, மறுபடி அதே இடத்தில் தைத்தது போல இருந்தது.

"எத்தனை தடவை?"

"மூணுங்க. இனிமே வேணாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. இப்ப சும்மாதான் வச்சு சோறு போடுறேன்."

அது அவன் கையை நக்கியது. அவன் அதன் காதைச் சொறிந்து கொடுத்தான். மறைக்கிற முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

"இதை ஏன் அன்னைக்குச் சொல்லல?"

"நடையைக் கேட்டீங்க, சொன்னேன். மூச்சைக் கேட்டீங்க, சொன்னேன். இதைக் கேக்கலியேய்யா."

பிறகு அவனே சொன்னான். "ஒரு ஈத்துல மூக்கு நீளமா ஒண்ணு பொறந்துச்சு. பக் மாதிரியே இல்லன்னு ஒருத்தரும் வாங்கல. என் மச்சான் கொல்லையில கிடக்குது. ஆடு ஓட்டுற அளவுக்கு ஓடும். மூச்சு சத்தமே கேக்காது. என்ன பண்றது? வர்றவங்க எல்லாரும் இந்த மூஞ்சியைத்தான் கேக்குறாங்க."

டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் யோசித்தேன். அவன் சொத்தை நாயை நல்ல நாய் என்று விற்கவில்லை. அந்த ஜாதியில் அதுதான் நல்ல நாய். நான் தேடிப் போன திருட்டு அங்கே இல்லை. அது இல்லாதது எனக்கு ஆறுதலாகவும் இல்லை. மாட்டை எதற்கு வாங்குகிறோம் என்று எனக்குத் தெரியும். பாலுக்கு, சாணத்துக்கு, கன்றுக்கு. இதை முகத்துக்கு வாங்கினோம். அந்த முகத்தை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிற வரைக்கும் அந்த வயிற்றைக் கிழிப்பார்கள். விற்கிறவனைச் சந்தேகப்பட்டே பழகியவன் நான். வாங்குகிற பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். டாக்டர் சொன்னதையும் தையலையும் சொன்னேன். சினை வேண்டாம், ஆபரேஷன் செய்துவிடலாம் என்றேன்.

"மாமா, ஒரே ஒரு ஈத்து. ஆபீஸ்ல சொல்லிட்டேன். எங்க மேனேஜருக்கே ஒரு குட்டி தர்றதா பேச்சு."

என் மனைவி சமையல்கட்டிலிருந்தே சொன்னாள். "மேனேஜரை ஒரு வாரம் இங்க வந்து இது பக்கத்துல படுக்கச் சொல்லுங்க மாப்ள. அப்புறம் குட்டி கேக்கட்டும்."

"அத்தை, எல்லாரும் வளக்குறாங்க. நம்ம வீட்டுல மட்டும் செத்தா போயிடும்?"

மகள் நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்க வாம்மா," என்றேன். "காதை வை."

மாட்டுக்கு விலாவில் காது வைத்துத்தான் நான் மூச்சுப் பார்ப்பேன். நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் குனிந்து காது வைத்தாள். மூச்சு இழுத்தது. நின்றது. மறுபடி வரும் வரைக்கும் அவளும் மூச்சு விடவில்லை. மாப்பிள்ளை போனைக் கீழே வைத்தார். வந்தது. மறுபடி நின்றது. அவள் நாயைத் தூக்கி நிமிர்த்தி உட்கார வைத்தாள்.

"வேணாங்க," என்றாள் அவரிடம். "ஆபீஸ்ல நான் சொல்றேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் சரி என்று தலையை ஆட்டினார்.

அறுவடை முடிந்ததும் தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். கண் விழிக்காமலும் போகலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மகள் போட்டாள். மனைவி வரமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை இரண்டு முறை டீ வாங்கி வந்தார். இரண்டு முறையும் ஆறிப் போனது. உள்ளே இருந்து ஆள் வந்து, முழித்துவிட்டது என்று சொன்னார். மாப்பிள்ளை எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

இப்போது படுத்துத் தூங்குகிறது. குறட்டை இருக்கிறது. மூச்சு நிற்பதில்லை. வெயிலில் விடுவதில்லை. மூட்டம் போடும் நேரம் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுவோம். முழுதாக நன்றாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தொண்டைச் சதை அங்கேயேதான் இருக்கிறது.

சித்திரையில் விற்றவன் போன் செய்தான்.

"பருவத்துக்கு வந்துருச்சாங்கய்யா? ஆண் நாயைக் கொண்டு வரட்டுமா?"

"வேலை இல்ல தம்பி. கருப்பையை எடுத்தாச்சு."

சண்டைக்கு வருவான், பங்கு கேட்பான் என்று பார்த்தேன். பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். அவன் சிரித்தான்.

"பரவால்லங்கய்யா. என் பங்கு போனாப் போகுது. உங்களால எனக்கு நஷ்டம் இல்ல."

"என்னாலயா?"

"உங்க ஊருலேர்ந்தும் சுத்துப்பட்டுலேர்ந்தும் தேடி வந்து வாங்குனாங்கய்யா. விசாரிச்சா எல்லாரும் ஒண்ணேதான் சொன்னாங்க. மாடு பாக்குறவரே பாத்து வாங்குன நாயி, அப்ப சோடை இருக்காதுன்னு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஐயா? லைன்ல இருக்கீங்களா?"

"எத்தனை போச்சு?"

வாய்க்குள் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"ஒம்போது."