காகிதத்தில் டிஃபெண்டர்

கும்மிடிப்பூண்டி ரயிலில் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது அவரைப் பார்ப்பேன். நாற்பது வயதிருக்கும், லேசாக வளைந்த கால்கள். இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். பெட்டிக்குள் காலி பாட்டில் ஏதாவது உருண்டு வந்தால், குனிந்துகூடப் பார்க்காமல் பாதத்தால் நிறுத்திவிடுவார்.

அதைப் பார்த்துத்தான் ஒரு நாள், "ஃபுட்பால் ஆடுவீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"கிளப்புல சம்பளத்துக்கே ஆடுனவன் நைனா."

"எந்த பொசிஷன்?"

"கிரவுண்டுலயா, காண்ட்ராக்ட்லயா?"

இப்படி ஒரு பதிலை நான் அதுவரை கேட்டதில்லை. ஒப்பந்தத்தில் அவரை டிஃபெண்டர் என்று எழுதிவிட்டு, முன்வரிசையில் ஆடவிட்டார்களாம். ஃபார்வர்டுகளுக்குச் சம்பளம் இரண்டு மடங்கு, கோலுக்குக் கோல் தனிப் பணம்.

"பதினோரு கோல் போட்டேன். போய்க் கேட்டா, நீ டிஃபெண்டராச்சே, உன்ன யாரு கோல் போடச் சொன்னதுன்றான்."

"இப்ப இன்னா வேலைண்ணா?"

"கம்பெனில தகடு அடிக்கிற பிரெஸ் மிஷின் ஓட்டிக்கினு கீறேன். பேப்பர்ல மட்டும் ஹெல்பரு. ஆபரேட்டர்னு மாத்துங்கடான்னு கேட்டுக்கினே கீறேன்."

பிறகு ஒரு மாதம் அவரைக் காணவில்லை. மறுபடி வந்தபோது வலது கையில் கட்டு. இரண்டு விரல் இல்லை.

"நஷ்டஈடு குடுப்பாங்களாண்ணா?"

"ஹெல்பரு மிஷினத் தொடக்கூடாதாமே. உன்ன யாரு தொடச் சொன்னதுன்றான்."

எழுந்து இடம் கொடுத்தேன். வழக்கம்போல வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டார்.