எழுதாமல் வந்த பரீட்சை

என் அப்பா செத்துக்கொண்டிருந்த அன்று நான் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். சகோதர சகோதரிகளே, அந்த நாளில் ஆண்டவர் எனக்குச் செய்ததை எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

லால்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். திருச்சியில் பி.ஏ. சேர்ந்தபோது ஆங்கில இலக்கியமும் தத்துவமும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். கதை படிக்க ஒன்று, அது ஏன் அப்படி என்று கேட்க ஒன்று. அப்படிப் படிக்கிற வழக்கமே இல்லை என்றார்கள். அப்பாதான் மனுமேல் மனுவாக எழுதித் தனி அனுமதி வாங்கிக் கொடுத்தார். ஊரெல்லாம் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அதற்கு நான் செய்த கைம்மாறைக் கேளுங்கள். 1960 கிறிஸ்துமஸ் விடுமுறை. எங்கள் வீட்டில் தினமும் மாலையில் குடும்பச் செபமாலை உண்டு. நாங்கள் ஐந்து பேர், மாலையின் ஐம்பது மணியில் ஆளுக்குப் பத்து மணிக்கான செபத்தை முன்சொல்ல வேண்டும். என் முறை வந்தது.

"நான் சொல்ல மாட்டேம்ப்பா. கடவுள் இருக்கார்னு நிரூபிக்க முடியாது. இல்லாதவர்கிட்ட பேச எனக்கு வெட்கமா இருக்கு" என்றேன்.

நாலு புத்தகம் படித்த திமிர். அப்பா திட்டவில்லை. விடுமுறை முழுவதும் என்னோடு பேசவும் இல்லை. நானும் இறங்கி வரவில்லை. ஈஸ்டருக்குப் படிப்பைச் சாக்குச் சொல்லி விடுதியிலேயே இருந்துவிட்டேன். பூசைக்கும் போகவில்லை.

1961 ஏப்ரலில் கடைசி வருடப் பரீட்சை. இரண்டு பாடத்தையும் சேர்த்து எடுத்தவள் நான் ஒருத்திதான். அட்டவணை போட்டவர்களுக்கு என் நினைவே இல்லை. ஒரே காலையில் தத்துவத் தாளும் ஆங்கில நாடகத் தாளும் வந்துவிட்டன. பிறகு எனக்கு மட்டும் நாடகத்தைப் பிற்பகலுக்கு மாற்றினார்கள். காலையில் எழுதியவர்கள் மூலம் வினாக்கள் என் காதுக்கு எட்டிவிடக் கூடாதே, அதனால் ஒரு நிபந்தனை: இடைவேளையில் நான் யாரையும் பார்க்கக் கூடாது, எந்தச் சேதியும் என்னிடம் வரக் கூடாது. மாடியில் ஒரு சின்ன அறையில் பூட்டாத குறையாக உட்கார வைத்தார்கள். காவலுக்கு வேதவல்லி மிஸ். எங்களுக்குத் தர்க்கம் நடத்துகிறவர், ஸ்ரீரங்கத்துக்காரர்.

தயிர்சாதத்தைத் திறந்தபோது ஜன்னல் வழியே பார்த்தேன். கேட்டில் என் அண்ணன் அருளப்பன் நின்றிருந்தான். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தான். வாட்ச்மேனைக் கும்பிட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் பியூன் மாடிக்கு வந்து, மிஸ்ஸை வாசலுக்கு அழைத்து, காதோடு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். மிஸ் திரும்பி வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மிஸ், எங்க அப்பாவுக்கு என்ன?"

"பேசப்படாதும்மா."

எழுந்து போனால் மூன்று வருடப் படிப்பு அந்தரத்தில் நிற்கும். உட்கார்ந்திருந்தால், அப்பா என்னோடு பேசாமலே போய்விடலாம். யாரிடம் கேட்பது? நாலு மாதமாக இல்லை என்று சாதித்தவரிடமே கேட்டேன். "நீர் இருக்கிறீர் என்றால் எனக்கு ஒரு வழி காட்டும். நான் போய்ச் சேரும்வரை அவரை வைத்திரும்." வெட்கங்கெட்ட செபம். அதிலும் ஒரு 'என்றால்' போட்டேன் பாருங்கள்.

மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஜெசிந்தா, உன்கிட்ட எந்தச் சேதியும் சொல்லப்படாதுன்னு எழுதியிருக்கா. நான் சொல்லமாட்டேன். நீயா எழுந்து போனா தடுக்கணும்னு அதுல எழுதலை."

தயிர்சாதத்தை மூடி வைத்தேன்.

"போனா மத்தியானப் பேப்பர் போயிடும். அதையும் நன்னாத் தெரிஞ்சுண்டு போ."

பேனாவைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடினேன்.

பஸ்ஸில்தான் அண்ணன் சொன்னான். ஒரு மாதமாக மஞ்சள் காமாலை. "பரீட்சைப் புள்ளைக்குச் சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு. காலையில சாமியார் வந்து அவஸ்தை பூசி, கடைசிச் செபமும் சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்புறம் எனக்குத் தாங்கலை."

பஸ் ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி, டோல்கேட்டில் ஆள் ஏற்ற நின்றது. நின்றுகொண்டே இருந்தது. டிரைவரைச் சபித்தேன். அண்ணன் வெளியே பார்த்தபடி இன்னொன்றும் சொன்னான்.

"உன் பத்து மணிய அப்பா யாருக்கும் குடுக்கலை. அந்த நேரம் வந்தா எல்லாரும் சும்மா முட்டி போட்டிருப்போம். அப்புறம் அடுத்தது ஆரம்பிப்பாரு."

லால்குடியில் இறங்கி இரண்டு மைல் வெயிலில் ஓடினோம். வீட்டு வாசலில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அழுகைச் சத்தம் இல்லை என்பதை மட்டும் காது கவனித்தது.

அப்பாவின் கண்ணே மஞ்சளாக இருந்தது. வயிறு வீங்கி, கைகால் குச்சியாகிவிட்டது. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"பரீட்சை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

தலையை ஆட்டிக் கண்ணை மூடினார். நான் முழந்தாளிட்டு என் பத்து மணியைச் சொன்னேன். ஏழாவது மணிவரை அவர் உதடு கூடவே அசைந்தது. பிறகு அசையவில்லை. பத்தையும் முடித்துவிட்டுத்தான் அழுதேன். அப்போது மணி நாலேகால். நாடகத் தாள் ஐந்து மணிக்குத்தான் முடியும்.

அப்பாவைப் பிழைக்க வைக்கும்படி நான் கேட்கவில்லை. கேட்கத் தோன்றாமல் போயிற்றே என்று இன்றும் வலிக்கிறது. ஆனால் கேட்ட இரண்டையும் ஆண்டவர் கொடுத்தார். அந்த வழியை யார் வாயால் சொல்ல வைத்தார் பாருங்கள்: தினமும் பெருமாளைச் சேவித்துவிட்டு வகுப்புக்கு வருகிற வேதவல்லி மிஸ். இதைச் சொன்னால் எங்கள் பங்குச் சாமியார் சிரிக்கிறார்.

அப்பாவிடம் சொன்ன பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். நாடகத் தாளைச் செப்டம்பரில் எழுதித் தேறினேன். இப்போது பெண்கள் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். சந்தேகம் இன்னமும் வருகிறது. அதையும் கூட்டிக்கொண்டுபோய் முழந்தாளிடுகிறேன்.

விசுவாசம் முழுதாக வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். 'என்றால்' போட்டாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்வதில்லை. வீட்டில் யாரோடாவது பேசாமல் இருக்கிறீர்களா? கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு இன்றைக்கே புறப்படுங்கள். பரீட்சை செப்டம்பரில் திரும்ப வரும். அப்பா வரமாட்டார்.