கிட்டு என்று கூப்பிட்ட குரல்

ரோஹிணி பேசினால் எங்கள் தெருவுக்கே கேட்கும். அஸ்தினாபுரத்தில் எங்களுக்கு எதிர் வீடு. கீரை வண்டிக்காரர் என் வீட்டு வாசலில் நின்றபடியே அவளிடம் பேரம் முடித்துவிடுவார். கணக்கு டீச்சர். மைக் வேண்டாத டீச்சர் என்று நான் கேலி செய்வேன். அப்படிப்பட்டவள், தன் கணவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று மூன்று வருடம் ஏங்கினாள்.

அவர் கிருஷ்ணமூர்த்தி. கிண்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். அதிர்ந்து பேசாதவர். முதலில் கிளம்பியது ஒரு சந்தேகம்தான். மாலையில் பால்கனியில் நின்று யாரோடோ குழைந்து பேசுகிறார், தனக்குள் சிரிக்கிறார்.

"வேற எவளோ இருக்காக்கா" என்று என்னிடம் வந்து அழுதாள்.

ஒருநாள் ஹெட்செட்டைப் பிடுங்கி எறியலாம் என்று போனாள். அவர் காதில் ஒன்றுமே இல்லை. போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. அப்போதுதான் இது வேறு ஏதோ என்று அவளுக்குப் புரிந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆபீஸ் தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள் என்று வேலைக்குப் போக மறுத்தார். டிவியில் செய்தி வாசிக்கிறவள் தன்னைத்தான் சாடை பேசுகிறாள் என்றார். தூக்கம் போனது, குளிப்பதும் நின்றது. மாமியார் ஞானாம்பாள் திருஷ்டி சுற்றினார், தாயத்துக் கட்டினார். ரோஹிணி தாம்பரத்தில் ஒரு மனநல டாக்டரிடம் அழைத்துப் போனாள்.

டாக்டர் சத்தியநாதன் அவசரப்படவில்லை. குடிப்பழக்கம் உண்டா, தலையில் அடிபட்டதா என்று கேட்டு, ரத்தமும் ஸ்கேனும் பார்த்து, எத்தனை மாதமாக இப்படி என்று விசாரித்த பிறகுதான் ஸ்கிசோஃப்ரினியா என்றார்.

"இல்லாத குரல் அவருக்கு நிஜமாவே கேக்குதும்மா, நடிப்பு இல்ல. மாத்திரையை விட்டா திரும்ப வந்துடலாம், பாத்துக்கோங்க."

மாத்திரை கேட்டது. குரல்கள் அடங்கின. வேலைக்கும் திரும்பினார். ஆனால் பேச்சும் கூடவே போய்விட்டது. சாம்பார் எப்படி என்றால் 'ம்'. தலை வலிக்கிறதா என்றாலும் 'ம்'. மருந்தால் மட்டுமில்லை, அந்த நோயே மனிதரை அப்படி ஒடுக்கிவிடுமாம், டாக்டர் சொன்னார்.

"பால்கனில பேசின மாதிரி என்கிட்ட ஒரு நாள் பேசினா போதும்க்கா" என்பாள் ரோஹிணி. இல்லாத ஒருத்தி மேல் அவளுக்கு அத்தனை பொறாமை. எனக்குச் சிரிப்பும் வரும், நெஞ்சும் கனக்கும்.

போன மாதம் துவைக்க எடுத்த சட்டைப் பையில் மாத்திரைகள் இருந்தன. வாயில் போடுவதுபோல் காட்டிவிட்டு ஒளித்திருக்கிறார். மறுபடி பழைய நிலைக்குப் போய்விடுவாரோ என்று பயந்தாள். எப்போதும்போல் தெரு கேட்கக் கத்தவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஏன் போட்டுக்கல?"

"அந்தக் குரலை ஒரு தடவை கேக்கணும்போல இருந்துது."

"யாருங்க அவ?"



"நீதான். அம்மா இங்க வர்றதுக்கு முன்னாடி கிட்டுன்னு கூப்பிடுவியே, அந்தக் குரல். மத்த குரலெல்லாம் திட்டும். அது மட்டும் திட்டாது."

கல்யாணமான புதிதில் தனிக்குடித்தனம். அப்போது அவரைக் கிட்டு என்றுதான் கூப்பிடுவாளாம். மாமியார் வந்த பிறகு, புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்ற பேச்சு எதற்கு என்று 'ஏங்க'வுக்கு மாறினாள். வேலை, வீடு, அலைச்சல் என்று குரலும் ஏறிவிட்டது.

"இத்தனை நாளா என்மேலயே பொறாமைப்பட்டிருக்கேன்க்கா" என்றாள். அன்று அவள் சொன்னது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். இப்போது மாத்திரை வேளையில் தண்ணீரோடு அவர் எதிரே போய் நிற்கிறாள். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் மறுபடி அந்த இல்லாத குரல்தானோ என்று மனிதர் குழம்பிப்போவார். அதனால் முகத்துக்கு நேரே நின்று, மெல்ல, கிட்டு என்கிறாள். மாமியார் ஹாலில் இருந்தாலும் சரி.

முதல் நாள் அவர் கையை நீட்டி அவள் உதட்டைத் தொட்டுப் பார்த்தாராம்.

"நீயா?"

"நான்தான்."

மாத்திரையை விழுங்கிவிட்டு அவர் சொன்னாராம், "இன்னொரு வாட்டி கூப்பிடு."