ஆர்ச்சைக் காட்டிய செம்புக் கம்பி வலை

யாராவது ஆவி, அமானுஷ்யம் என்று ஆரம்பித்தால் நான் முதலில் அந்த இடத்தில் கரண்ட் வயரிங் எப்படி என்றுதான் கேட்பேன். தென்காசிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுக்கிறேன், இத்தனை வருடத்தில் காரணம் இல்லாமல் ஒரு பல்பு எரிந்து நான் பார்த்ததில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

பழைய கம்ப்யூட்டர் சாமான்களைப் பார்த்து இது இன்னது என்று சொல்வது எனக்கொரு பைத்தியம். தெரிந்தவர்கள் பரணில் எதையாவது கண்டெடுத்தால் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்புவார்கள். அப்படித்தான் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் மேரி அக்கா ஒரு படம் அனுப்பிவிட்டு போனிலும் கூப்பிட்டார்.

"டீச்சர், இது என்ன, சல்லடையா? ஸ்டோர் ரூம்ல கெடந்துது. பழைய இரும்புக்குப் போட்டுருவோம்னு அவிய சொல்லுதாவ."

படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளங்கை அகலச் சட்டம், அதில் தலைமுடி போன்ற செம்புக் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓட, ஒவ்வொரு சந்திப்பிலும் கடுகை விடச் சிறிய கறுப்பு வளையம் கோத்திருந்தது. சிப் வருவதற்கு முந்தைய காலத்துக் கம்ப்யூட்டரின் நினைவகம் அது. ஒவ்வொரு வளையமும் ஒரு 'ஆம்' அல்லது ஒரு 'இல்லை'யைக் காந்தமாகப் பிடித்து வைத்திருக்கும், கரண்ட் இல்லாமலே பல வருடம் வைத்திருக்கும். முன்பு லாட்ஜை நடத்தியவர் காலத்தில் யாரோ தங்கிப்போனவர் விட்டுச்சென்ற பெட்டியில் இருந்ததாம், அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அதைப் படித்துக் காட்டுவதற்கு ஒரு சின்ன சர்க்யூட் கட்டினேன். சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். மேரி அக்காவின் கணவர் தங்கராஜ் அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வழக்கம்போல மெயின் அருவிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "பொட்டிக்குள்ள பூதம் கீதம் இருந்தா நான் வந்த பெறவு தொறங்க" என்று சிரித்துவிட்டுப் போனார்.

லாட்ஜிலிருந்து அருவி தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். கம்பிகளை மாட்டி, படிக்கச் சொல்லி பட்டனைத் தட்டினேன். திரையில் கட்டம் கட்டமாகப் புள்ளிகள் வந்தன. நடுவில் வில் மாதிரி ஒரு வளைவு, மேலிருந்து நூல் மாதிரி ஒரு கோடு. எனக்கு ஒன்றும் புரியவில்லை, அக்காதான் எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம ஆர்ச்சுல்லா?"

மெயின் அருவியில் தண்ணீர் விழும் இடத்துக்கு முன்னால் நிற்கும் ஆர்ச்சைச் சொன்னார். உண்மையிலேயே அதுதான், நூல் போன்ற கோடு விழும் தண்ணீர். எவனோ ரசனையுள்ளவன் படம் போட்டு வைத்திருக்கிறான் என்று எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "நல்லா பாத்துக்கிடுங்க அக்கா. இத ஒரு தடவ படிச்சா அழிஞ்சிரும், இனி வெறும் கட்டம்தான் வரும்" என்றேன். அந்த வகை நினைவகத்தின் குணம் அது. படித்ததைத் திருப்பி எழுதினால்தான் நிற்கும், எழுதும் பகுதியை நான் இன்னும் கட்டவே இல்லை.

அதைக் காட்டுவதற்காகத்தான் மறுபடி பட்டனைத் தட்டினேன். ஆர்ச் அப்படியே வந்தது. நூலாக இருந்த கோடு கயிறு அகலத்துக்குத் தடித்திருந்தது.

புரோகிராமில் பிழையோ என்று லேப்டாப்பை அணைத்துப் போட்டு மறுபடி படித்தேன். இந்த முறை மேலிருந்து கீழ்வரை ஒரே கறுப்பு. வளைவு இருந்த இடமே தெரியவில்லை.

"ஆர்ச்சக் காணோமே டீச்சர்" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. குற்றாலத்துக்காரர்களுக்கு அதன் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம், ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் அங்கே ஆள் நிற்க முடியாது. நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் போனை எடுத்துவிட்டார். இரண்டு தடவை அடித்து அடித்து ஓய்ந்து, அதற்குப் பிறகுதான் அண்ணாச்சி எடுத்தார்.

"எனக்குத் தல சுத்துது, மயக்கமா வருது. குளிக்காண்டாம், இப்பமே வாங்க" என்றார் அக்கா.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அவ்வளவு பதற்றத்திலும் எதைச் சொன்னால் அவர் வருவார் என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

உடம்பெல்லாம் எண்ணெயோடு, ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார் அண்ணாச்சி. அக்கா வாசலில் திடமாக நிற்பதைப் பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, தல சுத்துதுன்னு சொல்லிட்டு இங்கன நின்னுக்கிட்டிருக்க" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். இரைச்சல் மாறியிருந்தது. லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுவது போன்ற சத்தம், ஊடே போலீஸ்காரர்களின் விசில். மலைக்கு மேலே எங்கோ கொட்டிய மழை அது, கீழே எங்களுக்குத் தூறல் மட்டும்தான். நல்லவேளை, குளித்தவர்களைப் போலீஸ்காரர்கள் விரட்டிக் கரையேற்றிவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் அண்ணாச்சி போய்ப் பார்த்தபோது, அவர் எப்போதும் பிடித்துக்கொண்டு நின்று குளிக்கும் இரும்புக் கைப்பிடிக் கம்பி மடங்கிக் கிடந்ததாம்.

அன்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மறுபடி பட்டனைத் தட்டினேன். வெறும் கட்டம், ஒரு புள்ளி இல்லை. மேரி அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "ஆண்டவர் எதுல வேணும்னாலும் பேசுவாரு டீச்சர்" என்றார். எனக்குப் பயம் வரவில்லை, அதைத்தான் யாரிடமும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. பெரிய கோயிலுக்குள் முதன்முதலாக நுழைந்து அண்ணாந்து பார்ப்போமே, அப்படித்தான் இருந்தது. கை தானாகக் குவிந்தது.

சட்டத்தை வீட்டில் வைத்துக்கொள்ள அக்கா சம்மதிக்கவில்லை, என்னிடமே கொடுத்துவிட்டார். தென்காசிக்குக் கொண்டுவந்து சாவகாசமாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லா வளையத்துக்குள்ளும் நுழைந்து போகும் ஒரு கம்பி உண்டு, வளையங்களில் இருப்பது அந்த ஒன்றின் வழியாகத்தான் வெளியே வர முடியும். அது நடுவில் அறுந்திருந்தது. நான் தூக்கிக்கொண்டு அலைந்ததில் அறுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். விளக்கைக் கிட்டே கொண்டுபோனேன். அறுந்த முனைகள் இரண்டிலும் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. செம்பில் அப்படி ஏறுவதற்கு வருடக்கணக்கில் ஆகும்.