கோப்பைக்குள் ஒன்பது சீட்டுகள்

சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருக் கால்பந்து அணியை நடத்துவதே ரசிகர்களான நாங்கள்தான். போன வருடம் அணி தொடர்ந்து ஆறு ஆட்டங்களில் தோற்றது. பயிற்சியாளர் தேவா அண்ணனை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஒன்பது பேர் மைதானத்தில் கூடினோம். அண்ணனும் வந்து எதிரே உட்கார்ந்திருந்தார்.

அவரை வைத்துக்கொண்டு வேறென்ன பேச முடியும்? நான்தான் முதலில் எழுந்தேன். "தோக்கறப்பவும் கூட நிக்கிறவன்தான் பா ரசிகன். வாலாஜாபாத்ல கப்பு வாங்கிக் குடுத்தவரு இவரு. அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு ரகசிய வாக்கெடுப்பு. அண்ணன் வாங்கிக் கொடுத்த அதே கோப்பைக்குள் சீட்டுகளைப் போட்டோம். நான் 'மாற்றலாம்' என்று எழுதினேன். தோற்றுத் தோற்று எனக்கும் வெறுத்துப் போயிருந்தது. என் ஒரு சீட்டு யாருக்குத் தெரியப்போகிறது?

ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார்கள். ஒன்பதிலும் 'மாற்றலாம்' என்றே இருந்தது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. அண்ணன் மட்டும் என்னைப் பார்த்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிக் கோப்பைக்குள் போட்டார்.

"நல்லா பேசுன பா. நானே நம்பிட்டேன்," என்றார்.

இப்போது அணி ஜெயிக்கிறது. மாற்றியது சரிதான் என்று தெருவே சொல்கிறது. நானும் அன்றைக்கு அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், அவருடைய ஆட்டோ எதிரே வரும்போதெல்லாம் நான் சந்துக்குள் திரும்ப வேண்டியிருக்காது.