தொழிலாளி மூன்று அடித்த ஆணிகள்

நானூற்றுப் பன்னிரண்டு மரங்களின் கணக்கைக் கெடுத்தவர் புஷ்பவள்ளி. கெட்டிருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்தவரும் அவர்தான். கண்டுபிடித்த அன்றே போய்ச் சொன்னார். கேட்ட மனிதர் காதில் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டார். இருபது வருடம் கழித்து, மூடிய அந்த வாய் ஒரு காட்டுக்கே உலை வைக்கப் பார்த்தது.

புஷ்பவள்ளி மலேசியாவில் உலு திராம் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பதினேழு வயதில் பால் வெட்டும் கத்தியைப் பிடித்தார். பதினைந்து வருடம் வெட்டினார். வெட்டோடு இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. இள மரம் வெட்டுக்குத் தயாரா என்று தெரிந்துகொள்ள, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் அதன் சுற்றளவை அளப்பார்கள். ஐந்தடிக்கு ஒரு கோல் உண்டு. கோலை மரத்தோடு சேர்த்து நிறுத்தி, அதன் நுனி தொடும் இடத்தில் நாடாவைச் சுற்ற வேண்டும். நிரை நிரையாக ஆயிரக்கணக்கான மரங்கள். "புஷ்பா அளந்தா இன்னொருத்தர் அளக்கத் தேவையில்ல" என்று வேலை வாங்கும் மண்டோரே சொல்லும் அளவுக்குக் கை பழகியிருந்தது. பிறகு தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்து வீடமைப்புப் பகுதி கட்டினார்கள். லயத்து வீடுகளைக் காலி செய்ய மூன்று வாரம் கொடுத்தார்கள். புஷ்பவள்ளி கணவரோடு கோத்தா திங்கிக்கு வந்தபோது பாத்திரங்களோடு அந்தக் கோலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

தொண்ணூற்றொன்பதில் கோத்தா திங்கிக்கு வடக்கே ஒரு மலைச்சரிவில், பல்கலைக்கழகம் ஒன்று பத்து ஹெக்டர் காட்டை ஆய்வுத் திடலாகக் குறித்தது. மணிக்கட்டுப் பருமனைத் தாண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண். குறித்த உயரத்தில் சுற்றளவை அளந்து, அதற்குச் சரியாக முப்பது சென்டிமீட்டர் மேலே அலுமினிய ஆணி அடித்து, எண் தகட்டை மாட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் திரும்ப அளக்க வேண்டும். எந்த மரம் பருத்தது, எது செத்தது, எது புதிதாகத் தலைகாட்டியது, காற்றிலிருந்து எவ்வளவு கரியை எடுத்துக் காடு தன் உடம்பில் சேர்த்துக்கொண்டது என்பதெல்லாம் இந்த எண்களிலிருந்துதான் தெரியவரும். நாற்காலியில் உட்கார்ந்து காட்டைப் பற்றிப் பேச யாராலும் முடியும். அட்டை கடிக்கக் கடிக்க அளந்தவர் சொன்னால்தான் அது அறிவியல்.

ஆட்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு புஷ்பவள்ளி போய் நின்றார். நான்கு குழுக்கள், உயரம் குறிக்கும் வெள்ளைக் குழாய்க் கோல்கள் மூன்றுதான் வந்திருந்தன. "நெஞ்சு உயரத்தில் அளந்தால் போதும்" என்று மலாயில் சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் மலையிறங்கிப் போனார். நூற்று முப்பது சென்டிமீட்டர் என்று அவர் சொல்லவில்லை.

"நெஞ்சு உயரம்னா யாரோட நெஞ்சு?" என்று கேட்டார் கூட வேலை செய்த கிருஷ்ணம்மா. "எனக்கும் உனக்குமே ஒரு சாண் வித்தியாசம் லா."

"ஆளுக்கு ஆள் மாறுற நெஞ்சை வச்சு மரத்தை அளக்க முடியாது" என்றார் புஷ்பவள்ளி. மறுநாள் காலையில் தோட்டத்துக் கோலைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

ஒரே கோல், ஒரே உயரம், தவறாத கை. பன்னிரண்டு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு மரங்கள். எல்லாமே இருபத்திரண்டு சென்டிமீட்டர் கூடுதல் உயரத்தில் அளக்கப்பட்டிருந்தன. பதின்மூன்றாம் நாள் அவரை இலை சேகரிக்கும் குழுவுக்கு மாற்றினார்கள். வெள்ளைக் கோலை அவர் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை.

ஐந்து வருடம் கழித்து இரண்டாவது கணக்கெடுப்பில் வெள்ளைக் கோல் அவர் கைக்கு வந்தது. பழைய நிரைக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டார். பக்கத்து நிரைகளில் கண்ணுக்கு நேரே இருந்த ஆணிகள், அவருடைய நிரைகளில் மட்டும் தலைக்கு மேலே இருந்தன.

"காட்டு முனி தூக்கி வச்சிருக்கும் புஷ்பா" என்றார் கிருஷ்ணம்மா, குரலைத் தாழ்த்தி.

"முனிக்குச் சுத்தியல் யார் கொடுத்தா? நான் அடிச்ச ஆணி. தப்பு என்னுது."

அன்று மாலையே திடலுக்குப் பொறுப்பாக இருந்த டாக்டர் ராஜசேகரனிடம் போனார். அப்போது அவர் இளைஞர். முதல் ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருந்த பெருமையில் இருந்தார். கேட்டதும் முகம் வெளிறிவிட்டது.

"அலமாக்... புஷ்பா, இதை வெளியில சொல்லாதீங்க. கட்டுரை அச்சாயிடுச்சு."

"ரெண்டு உயரத்துலயும் அளந்தா எவ்வளவு வித்தியாசம்னு தெரிஞ்சிடும் டாக்டர். கணக்கைத் திருத்திடலாம்."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. இனிமே சரியான உயரத்துல அளந்திடுங்க, போதும்."

போதவில்லை. மரம் மேலே போகப் போக ஒல்லியாகும். முதலில் மேலே அளந்து, பிறகு கீழே அளந்தால், நடுவில் வளராத மரம்கூட வளர்ந்ததாகத்தான் காட்டும். தாளில் அந்த நானூற்றுப் பன்னிரண்டு மரங்களும் ஐந்தே வருடத்தில் அக்கம்பக்கத்து மரங்களைப் போல இரண்டு மடங்கு பருத்திருந்தன.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுக் கடைசியில் கோத்தா திங்கியை வெள்ளம் மூழ்கடித்தது. ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் இடுப்புவரை நின்றது. முதல் கணக்கெடுப்பின் மூலத் தாள்கள் அங்கேதான் இருந்தன. புஷ்பவள்ளி தன் வீட்டுத் தொலைக்காட்சியை வெள்ளத்துக்கு விட்டுவிட்டு, நிலையத்துப் பெட்டிகளைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றினார். தன் தவறு பதிந்த தாள்களும் அவற்றில் இருந்தன. ஒரு பெட்டியை நழுவவிட்டிருந்தால் அவர் தவறும் ஆற்றோடு போயிருக்கும். நழுவவிடவில்லை.

போன வருடம் அந்த மலையைக் கேட்டு ஒரு கல்லுடைப்பு நிறுவனம் வந்தது. குறுக்கே நின்றது ஆய்வுத் திடல் ஒன்றுதான். இருபத்தைந்து வருடத் தொடர் கணக்கு உள்ள காட்டைச் சட்டென்று வெட்டிவிட முடியாது. ஆகவே அந்தக் கணக்கையே வெட்டுவதென்று முடிவு செய்தார்கள். அதற்கென ஓர் ஆலோசகரை அமர்த்தினார்கள். பெயர் சுகுமாறன். அவர் கெட்டிக்காரர். நானூற்றுப் பன்னிரண்டு மரங்களையும் கண்டுபிடித்துவிட்டார்.

அறிக்கையைக் கைப்பேசியில் கொண்டுவந்து காட்டியவள் ஆப்ரின். கெலாங் பாத்தா ஊர்ப் பெண். திடலில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவள்.

"அக்கா, கேளுங்க. 'இப்படி வளரும் மரம் உலகில் எங்கும் இல்லை. நிழலில் உட்கார்ந்து எழுதிய எண்கள் இவை. அளந்தவரின் பெயர்கூட இல்லை. தொழிலாளி மூன்று என்று மட்டும் இருக்கிறது. படிப்பறிவில்லாத கூலிகள் நிரப்பிய தாளை நம்பி ஒரு மலையை முடக்கி வைக்க முடியாது.'"

புஷ்பவள்ளி ஆப்ரினிடமிருந்து கைப்பேசியை வாங்கி, கடைசி வரியைத் தானே எழுத்துக்கூட்டி இன்னொரு முறை படித்தார்.

"நிழல்ல உட்கார்ந்தாமா?" என்றார். "காட்டுல வெயில் எங்க இருக்கு, நிழலைத் தேடி உட்கார?"

ராஜசேகரனுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. அவரிடம் ஒரு வழி தயாராக இருந்தது. அந்த மரங்களைத் தரக் காரணங்களுக்காக நீக்கிவிட்டோம் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடலாம்.

"நீக்கினா அந்தாளு சொன்னது உண்மைன்னு ஆயிடும் டாக்டர். இதைப் பொய்யா எழுதினவங்க மத்ததையும் பொய்யாத்தான் எழுதியிருப்பாங்கன்னு அடுத்த வரியில சொல்லுவான்."

"நீங்க எழுந்து தப்பை ஒத்துக்கிட்டா உங்களைத்தான் கிழிப்பாங்க புஷ்பா. உங்களுக்கு நல்லதுதான் சொல்றேன்."

"என் நல்லதை இருபது வருஷமா நீங்கதான் பார்த்துக்கிட்டு இருக்கீங்க. போதும்."

பொது விளக்கக் கூட்டம் கோத்தா திங்கியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தலைமை தாங்கியவர் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. எல்லாரும் அவரை மரியாதையாகப் புவான் என்றே அழைத்தார்கள். சுகுமாறன் திரையில் வண்ணக் கோடுகளைக் காட்டி மலாயில் அழகாகப் பேசினார். முடிக்கும்போது சிரித்தபடி கேட்டார்: "இந்தத் தொழிலாளி மூன்று என்பவர் யார்? அப்படி ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா?"

ராஜசேகரன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"நான்தான்" என்றார் புஷ்பவள்ளி. தோட்டத்து மலாய், இலக்கணம் முன்னே பின்னே இருக்கும், குரலில் நடுக்கம் இல்லை. "என் பெயர் புஷ்பவள்ளி. பெயர் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு மரத்தையும் தப்பான உயரத்தில் அளந்தேன். இதோ, இந்தக் கோலால்."

ஐந்தடிக் கோலை மேசைமேல் வைத்தார். மண்டபத்தில் சலசலப்பு.

"ஒத்துக்கொண்டாரே! இனி என்ன விசாரணை?" என்றார் சுகுமாறன்.

"தப்பு வேறு, பொய் வேறு. பொய்யைத் திருத்த முடியாது. தப்பை அளக்கலாம். நான் அடித்த ஆணி இன்னும் மரத்தில் இருக்கிறது. பத்து எண்களை நீங்களே எழுதுங்கள் புவான். நானும் சொல்ல மாட்டேன், இவரும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு மரத்தையும் இரண்டு உயரத்தில் அளப்போம். கூடுதலாக வளர்ந்தது என்று இவர் சொல்வதும் அந்த வித்தியாசமும் ஒத்துப்போனால், மரம் பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை."

புவான் பேனாவை எடுத்துப் பத்து எண்களை எழுதினார்.

மறு வாரம் அட்டை ஏறாத காலுறைகள் மாட்டிக்கொண்டு எல்லாரும் மலையேறினார்கள். புஷ்பவள்ளிக்கு ஐம்பத்தெட்டு வயது. முன்னால் நடந்தவரும் அவர்தான், சுகுமாறனுக்காக மூன்று இடத்தில் நின்றவரும் அவர்தான்.

முதல் மரம் ஒரு மெராந்தி. ஆணி தலைக்கு மேலே இருந்தது. சுகுமாறன் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"ஆன்டி, இது அடிச்சு இருபத்தஞ்சு வருஷமாச்சு. மரம் வளர்ந்திருக்கு, ஆணியும் கூடவே மேல ஏறியிருக்கு. நீங்க எந்த உயரத்துல அடிச்சீங்கன்னு இதை வச்சு எப்படிச் சொல்ல முடியும்?" அதையே புவானுக்கு மலாயிலும் சொன்னார். புவான் தலையசைக்கவும் செய்தார்.

புஷ்பவள்ளி சிரித்தே விட்டார்.

"தம்பி, நான் பதினைந்து வருஷம் பால் வெட்டுனவ. இடுப்பு உயரத்துல போட்ட வெட்டு பத்து வருஷம் ஆனாலும் இடுப்பு உயரத்துலதான் இருக்கும். மரம் நுனியில நீளும், நடுவுல பருக்கும். ஆணி மேல ஏறும்னா நாங்க கட்டின கோப்பையும் கூடவே ஏறியிருக்கணும். பால் எடுக்க மண்டோர் எங்களுக்கு இறக்கை கட்டிவிட்டிருக்கணும்."

ஆப்ரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, என் பேச்சை நம்பாதீங்க. பக்கத்து நிரைக்கு வாங்க. அதே பருமன், அதே ஜாதி மெராந்தி, அதே வருஷத்து ஆணி. அது ஏன் ஏறல? அது என்ன பயந்த ஆணியா?"

பக்கத்து நிரையில் ஆணி நூற்று அறுபது சென்டிமீட்டரில், வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்ததும் அப்படியே. நாடாவைப் புவான் தன் கையாலேயே பிடித்துப் பார்த்தார்.

"நாடாவை நீங்களே சுத்துங்க தம்பி" என்று சுகுமாறனிடம் நீட்டினார் புஷ்பவள்ளி. "நான் சுத்தினா நிழல்ல உட்கார்ந்து சுத்தினேன்னு எழுதிடுவீங்க."

சுகுமாறன் சுற்றினார். கீழே ஒரு முறை, மேலே ஒரு முறை. ஆப்ரின் கணக்குப் போட்டாள். இரண்டு சென்டிமீட்டர் நான்கு மில்லிமீட்டர் வித்தியாசம். அறிக்கை சொன்ன அதிசய வளர்ச்சி இரண்டரை. அடுத்தது கெருயிங்; ஒத்துப்போனது. கபூர், கெம்பாஸ், ஒத்துப்போயின. ஏழாவது மரம் ஒத்துப்போகவில்லை. கரையான் புற்று ஏறி அடிப்பக்கம் வீங்கிக் கிடந்தது.

"இது வரலையே!" என்றார் சுகுமாறன், அன்று முதன்முறையாக உற்சாகத்தோடு.

"வரல. எழுதும்மா ஆப்ரின். வராததையும் எழுதினாத்தான் வந்ததுக்கு மதிப்பு."

பத்தில் ஒன்பது. மழை வருமுன் மலையிறங்கினார்கள். இரண்டு வாரத்தில் புவானின் கடிதம் வந்தது. நிறுவனத்தின் அறிக்கை திருப்பி அனுப்பப்படுகிறது; நானூற்றுப் பன்னிரண்டு மரங்களையும் இரண்டு உயரத்தில் அளந்து திருத்திய கணக்கு வந்து சேரும்வரை மலையில் ஒரு கல்லைக்கூடத் தொடக் கூடாது. நிறுவனம் விட்டுவிடாது, இன்னொரு ஆலோசகரைத் தேடும் என்பது புஷ்பவள்ளிக்குத் தெரியும். தேடட்டும். அதற்குள் ஒவ்வொரு மரத்துக்கும் பதில் தயாராகிவிடும்.

வேலை தொடங்கிய காலையில் ராஜசேகரன் காட்டுக்கு வந்தார். பூட்ஸ் புதிது. கையில் தாள் அட்டை.

"நான் எழுதுறேன் புஷ்பா. நீங்க அளங்க."

தாளில் அளந்தவர் என்ற இடத்தில் புஷ்பவள்ளி என்று முழுப் பெயரையும் எழுதிக் காட்டினார். புஷ்பவள்ளி பார்த்தார். தலையசைத்தார். நாடாவை மட்டும் பைக்குள்ளிருந்து எடுக்கவில்லை.

"அதுக்கு மேல குறிப்புன்னு ஒரு இடம் காலியா இருக்கே டாக்டர்."

"என்ன எழுதணும்?"

"தப்பு எந்த வருஷம் தெரிஞ்சது, யார் சொன்னாங்க, யார் மறைச்சாங்க. என் தப்பை நான் மண்டபத்துல சொல்லிட்டேன். உங்களோடது இன்னும் பாக்கி இருக்கு."

ராஜசேகரன் சுற்றும் முற்றும் பார்த்தார். ஆப்ரின் நின்றாள், கிருஷ்ணம்மா நின்றார், மெராந்தி நின்றது.

"இப்பவேவா?"

"இப்பவேதான். முதல்ல எழுதுங்க. அப்புறம் அளக்கலாம்."

அவர் பேனாவின் மூடியைக் கழற்றும்வரை புஷ்பவள்ளி கோலை மரத்தில் சாய்த்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.